பழைய சாலை, சின்ன ஊர், அருங்காட்சியகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் இன்று என்3 நெடுஞ்சாலையில் ஏறினால் நடுவில் எங்கும் இறங்குவதில்லை. அதற்கு முன்னால் இருந்த பழைய சாலை ஊர் ஊராகப் புகுந்து போகும்: ஹோவிக், மூய் ரிவர், எஸ்ட்கோர்ட், கொலென்ஸோ, லேடிஸ்மித், நியூகாசில், சார்லஸ்டவுன், ஃபோல்க்ஸ்ரஸ்ட், ஸ்டாண்டர்டன், ஹைடல்பர்க். இப்போது அது ஆர்103, என்11, ஆர்23 என்று துண்டு துண்டாகப் பெயர் மாறிக் கிடக்கிறது. இந்தச் சாலையோரத்துச் சின்ன அருங்காட்சியகங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறோம்.

சாட்ஸ்வொர்த் வாசகி: லேடிஸ்மித் முற்றுகை அருங்காட்சியகத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? 78 வயது ஆயாவும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள்.

பதில்: முடியும். டர்பனிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர். நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம், ஆயாவுக்காக ஒரு இடத்தில் நிறுத்தினால் மூன்று. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். வழியில் மேரியன்ஹில், மூய் ரிவர் இரண்டு சுங்கச்சாவடிகளிலும் பணம் கட்ட வேண்டும்.

கிழமையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிற்றூர் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் வேலை நாட்களில்தான் ஒழுங்காகத் திறந்திருக்கும். சனிக்கிழமை அரை நாள் இருந்தால் உண்டு. ஞாயிறும் பொது விடுமுறையும் நம்பிப் போகிற நாட்கள் அல்ல. இரண்டு நாள் முன்னதாகப் போன் செய்து நான்கு விஷயம் கேளுங்கள். நாங்கள் வரும் நேரத்தில் கதவு திறந்திருக்குமா? விளக்கிச் சொல்ல ஆள் இருப்பாரா? படி எத்தனை, கழிப்பறை எந்தப் பக்கம்? கட்டணம் ரொக்கமா, அட்டையா? முதல் கேள்வி அசட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் பல இடங்களில் சீட்டுக் கொடுப்பதும் கதை சொல்வதும் ஒரே ஆள். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனாலோ, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்துவிட்டாலோ நீங்கள் வாசலில் நிற்க நேரும்.

அருங்காட்சியகம் மர்ச்சிசன் தெருவில், நகர மன்றத்தை ஒட்டி, 1884-இல் கட்டிய பழைய சந்தைக் கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். பிறகு விஷ்ணு கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, வளாகத்தில் இருக்கும் காந்தி சிலையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். ஒரே நாளில் டண்டீயையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆயாவுக்குக் கால் வீங்கும், பிள்ளைகளுக்கு இரண்டு ஊரும் குழம்பிப் போகும்.

மதியம் இரண்டரைக்குள் திரும்பிவிடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மாலையில் இடி மழை கொட்டும் பகுதி அது. கிளிப் ஆறு பெருகி ஊருக்குள் தண்ணீர் புகுந்த வரலாறு லேடிஸ்மித்துக்கு நிறைய உண்டு. திரும்பும்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில் இறக்கத்தில் மூடுபனியும் லாரிகளும் சேர்ந்தால் ஆபத்து. இருட்டுவதற்கு முன் அதைத் தாண்டிவிட வேண்டும்.

பழைய சாலையையும் பார்க்க ஆசை என்றால், போகும்போது ஒரு துண்டு மட்டும் ஆர்103-இல் ஓட்டுங்கள். ஹோவிக்குக்குப் பக்கத்தில் 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைப் பிடித்த இடம் அந்தச் சாலையோரத்திலேயே இருக்கிறது. 50 எஃகுத் தூண்கள் தனித்தனியாக நிற்கும். 35 மீட்டர் தள்ளிச் சரியான புள்ளியில் நின்றால் அவை சேர்ந்து மண்டேலாவின் முகமாகத் தெரியும். பிள்ளைகளை அங்கே முதலில் இறக்கினால் அன்றைய நாள் முழுவதும் கவனமாகப் பார்ப்பார்கள்.

பீனிக்ஸ் வாசகர்: முற்றுகை என்பது ஆங்கிலேயரும் போயர்களும் போட்ட சண்டை. அதில் நமக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் அது வெளியே வரும். 1899 நவம்பர் 2 முதல் 1900 பிப்ரவரி 28 வரை 118 நாள் அந்த ஊர் போயர்களால், அதாவது டச்சு வழிக் குடியேறிகளால், சூழப்பட்டுக் கிடந்தது. உள்ளே சிப்பாய்கள் மட்டுமா இருந்தார்கள்? இந்தியர்களும் அதே குண்டுக்கும் அதே பஞ்சத்துக்கும் நடுவில்தான் இருந்தார்கள்.

பர்பு சிங் என்ற, இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குக் கிழக்கே தட்டைத் தலையோடு நிற்கும் உம்புல்வானா மலையில் போயர்கள் பெரிய பீரங்கி ஒன்றை வைத்திருந்தார்கள். 155 மில்லிமீட்டர் வாய், 94 பவுண்டு குண்டு, அதாவது 43 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அது சுடும்போது முதலில் மின்னல் தெரியும், குண்டு வந்து விழச் சில நொடி ஆகும். பர்பு சிங் ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்து அந்த மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். மின்னல் தெரிந்ததும் மணி அடிப்பார். கீழே இருப்பவர்கள் ஓடிப் பதுங்குவார்கள். காலையில் ஏறினால் பீரங்கி ஓயும்வரை அவர் இறங்குவதில்லை. பிறகு வைஸ்ராய் கர்சன் பிரபு அவருக்கென்று காஷ்மீர் அங்கி ஒன்று அனுப்பி வைத்தார். நகர மன்ற வாசலில் நிற்கும் பீரங்கிகளையும், அந்த ‘லாங் டாம்’ பீரங்கியின் மாதிரியையும் பிள்ளைகளுக்குக் காட்டிய பிறகு, ஊரின் மேட்டுத் தெருவுக்குப் போய் அந்த மலையைக் காட்டுங்கள். தூரத்தைக் கண்ணால் பார்த்தால்தான் அந்த மணியின் அருமை புரியும்.

இன்னொன்று இந்திய ஆம்புலன்ஸ் படை. ஏறக்குறைய 1,100 பேர். அதில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள், தோட்டத்து எஜமான்கள் அனுப்பி வைத்தவர்கள். கொலென்ஸோ, ஸ்பியான்காப் சண்டைகளில் காயம்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களைத் தூளியில் வைத்து ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல் தூக்கி நடந்தார்கள். போர்ப் பதக்கம் கிடைத்தது 37 தலைவர்களுக்கு மட்டும். தோளில் சுமந்தவர்களுக்கு இல்லை. போர் அருங்காட்சியகத்தில் படங்களுக்குக் கீழே இருக்கும் பெயர்களை வாசிக்கும்போது, பெயர் போடாமல் ‘இந்தியத் தூக்குக்காரர்கள்’ என்று மட்டும் எழுதிய படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, இதே படத்துக்கு வேறு பிரதியோ பின்பக்கக் குறிப்போ உள்ளறையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டொங்காட் வாசகர்: கொள்ளுத் தாத்தாவின் பழைய சீட்டு ஒன்று கிடைத்தது. பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இலக்க எண் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் காட்டினால் ஊர் எது என்று சொல்வார்களா?

பதில்: அந்த எண்தான் உங்கள் வீட்டில் இருக்கும் பெரிய சொத்து. முதலில் அதைக் கெடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் மை மங்கும், பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது. ஒட்டும் டேப் வேண்டாம், நாலைந்து வருடத்தில் அது பழுப்பாகித் தாளைத் தின்னும். குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள், கடற்கரைக் காற்றில் துருப் பிடித்து ஓட்டை விழும். 600 டிபிஐ அளவில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, அசலை அமிலமில்லாத காகித உறையில் தட்டையாக வையுங்கள். இனி எங்கே போனாலும் பிரதிதான் போக வேண்டும்.

எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதி வழி தெளியும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, வரிசையாக ஒரு எண். 1866-இல் ஆள் எடுப்பது நின்றுபோய் 1874-இல் திரும்பத் தொடங்கியது. அதற்கு முன் வந்தவர்கள் 6,445 பேர். ஆகவே எண் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குள் இருந்தால் முதல் அலை. உங்களுடையது ஐந்து இலக்கம் என்பதால் 1874-க்குப் பிறகு வந்தவர் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்து கப்பல் பதிவேடு. இது சிற்றூர் அருங்காட்சியகத்தில் இருக்காது. குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி லுத்துலி ஆவண மையத்தையோ, டர்பன் டெர்பி தெருவில் இருக்கும் 1860 பாரம்பரிய மையத்தையோ எண்ணோடு அணுகுங்கள். பெயர் மட்டும் கொண்டு போனால் நூறு முனிசாமி வருவார்கள். எண் கொண்டு போனால் ஒரே ஆள். கிடைக்கும் வரியில் கப்பல், வந்த நாள், வயது, தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருந்த அடையாளம், எந்த எஜமானிடம் ஒதுக்கினார்கள் என்பது வரை இருக்கும். ‘இடது முழங்காலில் தழும்பு’ என்ற ஒரு சொல்லைப் படித்துக் கண் கலங்காத குடும்பம் இல்லை. முன்னும் பின்னும் இருக்கும் நாலைந்து எண்களையும் கேட்டு வாங்குங்கள். மனைவி, பிள்ளை, தம்பி பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில்தான் இருப்பார்கள்.

தவறு நேரும் இடங்கள் மூன்று.

ஒன்று, பெயரின் ஒலி. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். குப்புசாமி ‘கூப்பூசாமி’ ஆனார், பொன்னுசாமி ‘பூன்சாமி’, முனிசாமி ‘முன்சாமி’, பழனி ‘புல்னி’. பட்டங்களும் அப்படித்தான். கவுண்டர் இங்கே ‘கவெண்டர்’ என்றும் ‘கவுண்டன்’ என்றும் பிரிந்தது, முதலியார் ‘மூட்லி’ என்று நிலைத்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயரும் தம்பிக்கு வேறொன்றும் இருப்பது இதனால்தான். முதல் தலைமுறைக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பன் பெயரோ பட்டமோ பிறகுதான் ஒட்டியது. எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பெயர் கேட்கும்.

இரண்டு, ஜில்லா. அன்றைய எல்லை வேறு. சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்தில் இருந்தன. ‘வட ஆர்க்காடு’ என்று போட்டிருப்பதை வேலூர் என்று மட்டும் எடுத்துக்கொண்டு தேடிப் போய் ஏமாந்தவர்கள் உண்டு. கிராமம் ஆந்திரப் பக்கம் இருக்கலாம்.

மூன்று, எல்லோருக்கும் எண் இருக்கும் என்று நினைப்பது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கப்பல் எண் கிடையாது. சொந்தச் செலவில் வணிகத்துக்கு வந்தவர்களுக்கும் கிடையாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சிற்றூர் அருங்காட்சியகத்தின் முறை. பதிவேட்டில் எஜமான் பெயர் இருக்கிறது அல்லவா? அது கரும்புத் தோட்டமா, நிலக்கரிச் சுரங்கமா, ரயில்வேயா என்று பாருங்கள். சுரங்கம் என்றால் டண்டீ, நியூகாசில். ரயில்வே என்றால் அவர் இருந்த நிலையத்து ஊர். அந்தச் சுரங்கத்தின் படம், வரைபடம், சம்பளப் பேரேடு என்று எது மிச்சம் இருந்தாலும் அந்த ஊர் அருங்காட்சியகத்தின் உள்ளறை அலமாரியில்தான் இருக்கும், காட்சிப் பெட்டியில் அல்ல. ஒரு வாரம் முன்னதாகப் பெயர், எண், வருடம், எஜமான் நான்கையும் எழுதி அனுப்பிவிட்டுப் போங்கள். அன்று காலையில் போய் நின்று கேட்டால் பெட்டியில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

லெனேசியா வாசகி: 1913 நடைப்பயணம் போன வழியில் காரில் போக வேண்டும். எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது?

பதில்: நீங்கள் வடக்கிலிருந்து வருகிறீர்கள். 1913-இல் வேலையை நிறுத்திவிட்டுக் காந்தியோடு நடந்த இந்தியத் தொழிலாளர்கள் தெற்கே நேட்டாலிலிருந்து வடக்கே ட்ரான்ஸ்வாலுக்கு நடந்தார்கள். அதனால் முதல் நாள் என்3 வழியாகவோ ஆர்23 வழியாகவோ நேரே நியூகாசில் போய்த் தங்கி, மறுநாள் அவர்கள் நடந்த திசையிலேயே வீட்டுக்குத் திரும்புங்கள். அப்போதுதான் ஏற்றம் ஏற்றமாகத் தெரியும்.

நியூகாசிலில் 1876-இல் கட்டிய ஃபோர்ட் அமீல் கோட்டைக்குள் ஊர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தொடங்குங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பதினொரு பெண்கள், அவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர்கள், 1913 அக்டோபரில் இந்த ஊர்ச் சுரங்கக் குடியிருப்புகளுக்குள் போய்ப் பேசினார்கள், சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். மொரீஷியஸில் பிறந்த, காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் கூட இருந்தார். காந்தி தங்கியது லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில். வேலை நிறுத்தம் எதற்காக? ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற 1895 சட்டத்தை எதிர்த்து. 1903-க்குப் பிறகு 16 வயது பையனும் 13 வயதுப் பெண்ணும்கூடக் கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு ஆளின் வரிக்கே ஆறு மாதச் சம்பளம் போய்விடும். அருங்காட்சியகத்தில் பழைய நாணயங்கள் இருந்தால் இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

நியூகாசிலிலிருந்து சார்லஸ்டவுன் 36 மைல். இரண்டு நாள் நடந்தார்கள். என்11-இல் உங்களுக்கு முக்கால் மணி நேரம். நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் அவசரப்பட்டு முந்தாதீர்கள், குழி விழுந்த இடங்கள் உண்டு. லேங்ஸ் நெக் கணவாயில் வண்டியை ஓரம் கட்டி இறங்குங்கள். நியூகாசிலிலிருந்து அதுவரை 400 மீட்டருக்கு மேல் ஏற்றம். இடது பக்கம் மஜூபா மலை, 1881 பிப்ரவரி 27 சண்டையால் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நாம் அங்கே நினைக்க வேண்டியது வேறு. அந்த நடையில் ஒரு குழந்தை குளிரில் செத்துப்போனது. இன்னொரு குழந்தை ஓடையைத் தாண்டும்போது தாயின் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போனது. தாய்மார்கள் நிற்கவில்லை, நடந்தார்கள்.

சார்லஸ்டவுனுக்கு ஒரு மைல் தள்ளி இருக்கும் சிற்றோடைதான் நேட்டாலுக்கும் ட்ரான்ஸ்வாலுக்கும் அன்றைய எல்லை. 1913 நவம்பர் 6 காலை 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 பிள்ளைகள் அதைத் தாண்டினார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. எல்லோருக்கும் அதே அளவு என்று வைத்தால் தினமும் ஒன்றரை டன் ரொட்டி. ஃபோல்க்ஸ்ரஸ்ட்டில் இருந்த ஒரு ஐரோப்பிய ரொட்டிக்காரர் அதைச் சுட்டு, சொன்ன சொன்ன இடத்துக்கு ரயிலில் அனுப்பினார். வழியில் ஒரு கடையில் ஒன்றரைப் பவுண்டு, அதாவது 680 கிராம் ரொட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு முழு ரொட்டிதான். அதைத் தின்றுவிட்டு இருபது மைல் நடந்தார்கள்.

பிறகு ஆர்23. பாம்ஃபோர்டில் அன்று இரவே காந்தியைக் கைது செய்தார்கள். ஸ்டாண்டர்டனில் இரண்டாம் முறை, டீக்வொர்த்தில் மூன்றாம் முறை. பால்ஃபரில் மூன்று சிறப்பு ரயில்களில் நடந்தவர்களை எல்லாம் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பலகைகளை நம்பி இந்த ஊர்களுக்குள் அலையாதீர்கள். ரயில் நிலையம் எங்கே என்று கேட்டுப் போனால் போதும், கதை நடந்த இடம் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான். வீடு திரும்பிய பிறகு, ஒரு நாள் பிராம்ஃபோன்டைன் கல்லறைக்குப் போங்கள். இந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய், அங்கே வாங்கிய காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த பதினாறு வயது வள்ளியம்மை அங்கே இருக்கிறாள். அதே வருடம் 3 பவுண்டு வரியை நீக்கினார்கள்.

நியூகாசில் வாசகர்: டண்டீ டலானா அருங்காட்சியகத்தில் சுரங்க விளக்கைப் பார்த்த பையன், தீப்பிடிக்கும் வாயு இருக்கும் இடத்துக்கு ஏன் நெருப்பைக் கொண்டு போனார்கள் என்று கேட்கிறான். என்ன சொல்ல?

பதில்: நல்ல கேள்வி. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி செய்த விளக்கின் சூட்சுமம் கம்பி வலையில் இருக்கிறது. சுடரைச் சுற்றி நெருக்கமான வலை, ஒரு அங்குலத்துக்கு 28 கண், ஒரு சதுர அங்குலத்துக்கு 784. வாயு வலைக்குள் புகும், உள்ளே எரியும். ஆனால் அந்தச் சூட்டைக் கம்பி இழுத்துப் பரப்பிவிடுவதால் வெளியே இருக்கும் வாயு பற்றும் அளவுக்குச் சூடாகாது. வீட்டில் மாவு சலிக்கும் சல்லடையின் கண்ணை அவனுக்குக் காட்டிவிட்டு, இதுவும் அப்படி நெருக்கமான வலைதான் என்று சொல்லுங்கள்.

விளக்கு வெளிச்சத்துக்கு மட்டும் அல்ல, எச்சரிக்கைக்கும்தான். மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் வெளிறிய நீலத் தொப்பி போல ஒன்று எழும். சுடரைச் சிறிதாக்கி அந்த நீலத்தின் உயரத்தைப் பார்த்து வாயு எவ்வளவு என்று கணிப்பார்கள். காற்றில் 5 சதவீதத்தைத் தொட்டால் வெடிக்கும். சுடர் மங்கி அணையப் பார்த்தால் மூச்சுவிடக் காற்றுக் குறைகிறது என்று பொருள்.

எங்கே தவறும் என்றால், வலையில் ஒரு கம்பி அறுந்தாலும் போச்சு. எண்ணெயும் கரித்தூளும் வலையில் படிந்தால் அதுவே பற்றும். உள்ளே வாயு நெடுநேரம் எரிந்து வலை பழுக்கச் சிவந்தாலும், வேகமான காற்று அடித்துச் சுடரை வலைக்கு வெளியே தள்ளினாலும் ஆபத்து. அதனால்தான் பிற்கால விளக்குகளில் சுடரைச் சுற்றிக் கண்ணாடியும், மேலே இரட்டை வலையும், அதற்கு மேல் இரும்புக் கூடும் வந்தன. ஆள் உள்ளே திறந்துவிடாதபடி பூட்டும் வைத்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் விளக்கில் கண்ணாடி இருக்கிறதா, வலை எத்தனை அடுக்கு, பூட்டு எங்கே என்று அவனையே தேடச் சொல்லுங்கள்.

எண் குத்திய பித்தளை வில்லை இருந்தால் அதையும் விடாதீர்கள். சுரங்கத்துக்குள் இறங்கும்போது வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்குவார்கள், ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்குவார்கள். மாலையில் பலகையில் வில்லை ஒன்று தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார்.

டலானா டண்டீக்கு வெளியே ஆர்33 சாலையில், 1899 அக்டோபர் 20 அன்று ஆங்கிலேயரும் போயர்களும் சண்டை போட்ட மலையடியில் இருக்கிறது. தனித்தனிக் கட்டடங்கள், நடுவில் புல்வெளி. அரை நாள் ஒதுக்குங்கள், தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். இந்த ஊர் நீதிமன்றத்தில்தான் 1913 நவம்பர் 11 அன்று காந்திக்கு 60 பவுண்டு அபராதம், இல்லையேல் ஒன்பது மாதக் கடுங்காவல் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர் சிறையைத் தேர்ந்தெடுத்தார்.

மெரபேங்க் வாசகர்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படம் எடுத்தால் என் முகமும் ஜன்னலும்தான் விழுகிறது.

பதில்: ஃபிளாஷை அணையுங்கள், அது பழைய மைக்கும் கேடு. கருப்புச் சட்டை போட்டுப் போங்கள், அல்லது கருப்புத் துணி ஒன்றை நண்பர் உங்களுக்குப் பின்னால் விரித்துப் பிடிக்கட்டும். போனின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். எழுத்துப் பட்டையை முதலில், பொருளை இரண்டாவதாக எடுங்கள். வரிசை மாறினால் வீட்டுக்கு வந்த பிறகு எது எதற்கு என்று தெரியாது. அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். குடும்பப் புத்தகத்தில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் அதற்கு எழுத்தில் தனி அனுமதி வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: அம்மாச்சியின் காமாட்சி விளக்கு, ஒரு பழைய சேலை, தாத்தாவின் உளி, சுத்தியல் இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் பத்திரமாக இருக்குமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் கையெழுத்துப் போடாமல் கொடுக்காதீர்கள். நன்கொடை, இரவல் என்று இரண்டு வழி. நன்கொடை என்றால் பொருள் இனி அவர்களுடையது, திரும்பக் கேட்க முடியாது. இரவல் என்றால் எத்தனை வருடம், காப்பீடு யார் பொறுப்பு, வேறு ஊருக்கு அனுப்பினால் உங்களைக் கேட்பார்களா என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். நன்கொடையாகக் கொடுத்தாலும் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: வேண்டாம் என்று என்றாவது ஒதுக்கினால், வெளியே விற்பதற்கு முன் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கருப்பும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் அது விளக்காக இருந்ததற்குச் சாட்சி. பூஜையில் இருந்த விளக்கை ஏற்றாமல் வைக்கப் போகிறார்கள் என்பதை வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி, கடைசியாக ஒரு முறை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் கொடுங்கள். சேலையை மடிக்காமல், பழைய வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய குழாயில் சுருட்டுங்கள். மடிப்பில்தான் நூல் முதலில் அறும். நாப்தலீன் உருண்டை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு பக்கக் குறிப்பு. யார் வைத்திருந்தார்கள், எந்த ஊரில், எந்த வருடங்களில், எதற்குப் பயன்படுத்தினார்கள், யார் கைக்கு எப்படி வந்தது. குறிப்பு இல்லாமல் போனால் ‘இந்தியப் பித்தளை விளக்கு’ என்று பட்டை எழுதிவிடுவார்கள், பெயர் அதோடு போய்விடும். குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பொருளைத் தாத்தாவோ அம்மாச்சியோ பிடித்திருக்கும் படம் ஒன்று கிடைத்தால் அதன் பிரதியையும் சேருங்கள். நமக்கு ஒரு கருத்து உண்டு: தாலி, குழந்தையின் அரைஞாண் போன்றவை வீட்டிலேயே இருக்கட்டும். படம் மட்டும் கொடுங்கள்.

ஸ்டேஞ்சர் வாசகர்: ஓர் அருங்காட்சியகத்தில் காவடிப் படத்துக்குக் கீழே தீமிதி என்று எழுதியிருந்தார்கள். பெயரும் தப்பு. சொன்னால் கோபித்துக்கொள்வார்களா?

பதில்: மாட்டார்கள். சொல்கிற விதத்தில் சொன்னால் நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள். வாசலில் நின்று வாயால் சொன்னால் மறந்துபோகும். பார்வையாளர் புத்தகத்தில் எழுதினால் யாரும் திருத்த மாட்டார்கள். பொருளின் பதிவு எண், இப்போதைய பட்டையின் படம், சரியான வாசகம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற ஒரு வரி, இந்த நான்கையும் மின்னஞ்சலில் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். பெயரைத் திருத்தும்போது தமிழ் எழுத்தில் ஒன்றும், இங்கே குடும்பத்தார் எழுதும் எழுத்துக்கூட்டில் ஒன்றுமாகக் கொடுங்கள். நாம் சரி என்று நினைக்கும் எழுத்துக்கூட்டைத் திணித்தால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேடும்போது கிடைக்காது.

பெனோனி வாசகி: கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: பென்சில் இரண்டு, ஏனென்றால் பழைய தாள் இருக்கும் அறைக்குள் பேனா விட மாட்டார்கள். சில்லறையாக ரொக்கம். மின்வெட்டு நேரத்துக்கு ஒரு சிறு டார்ச். முழு சார்ஜில் போன், கூடவே பவர் பேங்க். என்11-இல் சில இடங்களில் சிக்னல் போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வையுங்கள். பூதக்கண்ணாடி. சுவெட்டர், கோடையிலும்கூட, ஏனென்றால் சார்லஸ்டவுன் பக்கம் மாலையில் குளிரும். புளிச்சோறும் அவித்த முட்டையும் வண்டியிலேயே இருக்கட்டும், உள்ளே கொண்டு போக வேண்டாம். குடும்பத்தின் எண்ணையும் கொள்ளுத் தாத்தா பெயரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.